ஒரு பென்னிச் சந்தேகங்கள்

வட்டமான துவாரத்தின் வழியே வெளிவருகிற குதிரை லத்தி சதுரமாக இருப்பானேன் என்ற சந்தேகம், குதிரை வண்டிகளால் நிறைந்த எந்தப் பட்டணத்திலும் பலருக்கு எழுந்திருக்கக்கூடியதே. ஆயினும் படித்த பெரியவர் ஒருவரிடம் நேரில் போய் அதைக் கேட்கும் துணிவு லேசில் எவருக்கும் வந்துவிடாது. அத்தகைய கேள்விகளை, கேட்டவர் யாரென்று விசாரிக்காமல் வாங்கிக்கொண்டு, அச்சிலே விடையளிப்பதற்கென்றே ஒரு பத்திரிகை 1691-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி லண்டன் மாநகரில் உதயமாயிற்று.

அதற்கு வேண்டிய நிலத்தை முன்னமே பண்படுத்தி வைத்தவை காப்பிக் கடைகள். 1652-இல் பாஸ்குவா ரோசே என்பவர் கார்ன்ஹில் பகுதியின் சந்து ஒன்றில் முதற் கடையைத் திறந்த பின்னர், ஒரு பென்னி கொடுத்து உள்ளே நுழைந்தவன் காலியாயிருந்த இடத்தில் அமர்ந்து, முன்பின் அறியாத பக்கத்து மனிதருடன் ஊர் வம்பு முதல் உலக விசித்திரம் வரையில் சம்பாஷிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. இந்தப் பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675-ஆம் ஆண்டின் இறுதியில் கடைகளை மூடும்படி பிரகடனம் செய்தார். எழுந்த எதிர்ப்பைக் கண்டு, சில தினங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் நேர்ந்தது.

காப்பிக் கடையில் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்துவிடும். அந்த முகத்தையும் மறைத்தவர் ஜான் டன்டன் என்னும் புத்தக வியாபாரி. தமக்கு இழைக்கப்பட்ட ஒரு தீங்கைப் பற்றித் தம்மை வெளிக்காட்டிக்கொள்ளாமல் பிறரிடம் யோசனை கேட்பது எப்படி என்று மனம் குமைந்தவராய், செயின்ட் ஜார்ஜ் வெளியில் நண்பர் இருவருடன் நடந்துகொண்டிருந்தபோது, அவர் திடுமென நின்று, ஐம்பது கினி கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத யோசனை ஒன்று தமக்கு உதித்துவிட்டதாகச் சொன்னாராம். அந்த யோசனையே ‘அதீனியன் மெர்க்குரி’ ஆயிற்று. புதியதைச் சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்தவர்கள் என்று விவிலியம் குறிப்பிடும் ஏதென்ஸ் நகரத்தாரை நினைத்து அவர் இட்ட பெயர் அது.

கேள்விகள் ஸ்மித் என்பாரின் காப்பிக் கடைக்கு வந்து சேர்ந்தன. 1680-இல் வில்லியம் டாக்ரா ஸ்தாபித்த பென்னித் தபால் அவற்றைச் சுமந்து வந்தது. காற்று எங்கிருந்து புறப்படுகிறது, நோவாவின் பிரளயத்து நீர் எங்கே போய் வடிந்தது, பெண்கள் கல்வி கற்பது தகுமா, மனைவியை அடிப்பது நியாயமா என்று வேடிக்கையும் வேதனையும் ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. பெண்களும் கேட்கலாமா என்று ஒரு சீமாட்டி எழுத, தாராளமாகக் கேட்கலாம் என்று பத்திரிகை வரவேற்றது.

பதில் எழுதியது பெரியதொரு வித்துவத் சபை என்று ஜனங்கள் நம்பினர். அப்போது இளைஞராயிருந்த எழுத்தாளர் ஜோனதன் ஸ்விப்டுங்கூட அப்படி நம்பி அச்சபையைப் போற்றிப் பாடி அனுப்ப, அது 1692-இல் பிரசுரமாயிற்று. உண்மையில் அந்தச் சபையாவது, டன்டனும், அவருடைய உறவினரான பாதிரியார் சாமுவேல் வெஸ்லியும், ரிச்சர்ட் சால்ட் என்ற கணித ஆசிரியரும், அவ்வப்போது உதவிய நண்பர் ஓரிருவருமே! கேட்டவருக்கு முகமில்லை, விடை சொன்னவருக்கும் முகமில்லை. இருபுறமும் திரை விழுந்திருந்ததனால் வெட்கமும் கர்வமும் ஒருங்கே விலகி, சந்தேகம் ஒன்றே நடுவில் நின்றது. போட்டிப் பத்திரிகைகளும் பரிகாச நாடகமும் கிளம்பிய பின்னும், 1697 வரையில் இந்தக் கைங்கரியம் நடைபெற்றது.

நம்முடைய வாரப் பத்திரிகைகளின் கேள்வி-பதில் பக்கத்தில், புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு ஒருவர் அஞ்சலட்டையில் கேட்டிருக்கும் அற்பமான ஐயத்தைக் காணும்போது, வாசகர்கள் நகைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டா. அதே ஐயம் தமக்கும் எப்போதாவது தோன்றியதுண்டா என்று ஒரு கணம் நினைத்துப் பார்ப்பார்களாக.