ரீஸ்டார்ட் செய்தும் திரும்பி வந்த புழு

எங்கட வீட்டுக்கு முதன்முதல் வந்த கொம்பியூட்டர் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அப்படியே நிண்டுவிடும். மவுஸ் அசையாது. கீபோர்ட்டில் எதை அமத்தினாலும் பதில் இல்லை. சந்தியில் இருந்த கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார அண்ணா மூடியைக் கூடக் கழட்டாமல் "வைரஸ் தம்பி, ஃபோர்மட் அடிக்கோணும்" எண்டார். அடிச்சார். அக்காட கலியாணப் படங்கள் எல்லாம் அதோட போச்சு. ரெண்டு நாள் கழிச்சு கொம்பியூட்டர் திரும்பவும் நிண்டது. பிறகு மச்சான் ஒருத்தர் வந்து கழட்டிப் பார்த்தால், உள்ளே இருந்த விசிறி தூசி அடைச்சுச் சுத்தாமல் கிடக்குது. மெசின் சூடேறி நிண்டிருக்கு, அவ்வளவுதான்.

அந்த அண்ணாவில் எனக்கு இப்ப கோபம் இல்லை. ஒரு மெசின் ஏன் உறையுது எண்டு தெரியாத நேரத்தில் மனிசருக்கு வாற பதற்றம் அப்படித்தான். 1988 நவம்பரில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இருந்த கெட்டிக்காரருக்கும் அதே பதற்றம் வந்தது. ஆனால் அவர்களில் சிலர் வேறு ஒரு வேலை செய்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நவம்பர் 2ஆம் திகதி, புதன்கிழமை இரவு. யூட்டா பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் ஒரு வாக்ஸ் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நேரத்தில் பல பேர் பாவிக்கிற பெரிய மெசின் அது. செயலியின் முறைக்காக எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்று காட்டும் ஓர் எண் அதில் உண்டு. சங்கக்கடையில் எத்தனை பேர் கியூவில் நிற்கினம் எண்டு எண்ணுற மாதிரி. இரவு அந்த நேரத்தில் அது வழமையாக 1 அளவில் இருக்கும். 5ஐத் தாண்டினால் வேலை இழுபடும்.

8.49க்கு மெசினுக்குள் ஏதோ நுழைந்தது. 9.21க்கு அந்த எண் 5. 9.41க்கு 7. 10.01க்கு 16. 10.06க்குப் புதிதாக ஒரு வேலையும் தொடங்க முடியாத நிலை, மெசின் உறைந்துவிட்டது. 10.20க்குப் பொறுப்பாளர் சந்தேகமான எல்லாவற்றையும் கொன்று துப்புரவாக்கினார். 10.41க்கு எண் 27. 10.49க்கு மெசினை நிறுத்தித் திரும்பப் போட்டார். 11.21க்கு 37.

இதை வாசிக்கும்போது அந்த மனிசரை நினைச்சு எனக்குப் பாவமாக இருக்கும். நாங்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். கொன்றார், நிறுத்தினார், திரும்பப் போட்டார். உண்மையில் ரீஸ்டார்ட் வேலை செய்தது! அந்தப் புழு நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. தன்னை உள்ளே வாசித்துக்கொண்டதும் டிஸ்க்கில் இருந்த தன் கோப்புகளை அழித்துவிடும். மெசினை நிறுத்தினால் புழு செத்துப்போகும். பிரச்சினை என்னெண்டால், பக்கத்து மெசின்களில் இருந்த புழுக்கள் சில நிமிசத்தில் திரும்ப அனுப்பிவிடும். ஒரு வீட்டுக் கிணற்றை மட்டும் இறைச்சு என்ன பயன், ஊர்க் கிணறெல்லாம் அப்படியே கிடக்கேக்க?

அதை எழுதியவர் ரொபேர்ட் டப்பன் மொறிஸ், கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட ஆய்வு மாணவர். கோர்னெல்லில் இருந்து வந்தது எண்டு தெரியக்கூடாது என்பதற்காக எம்.ஐ.ரி.யில் இருந்த ஒரு மெசினில் இருந்து அவிழ்த்துவிட்டார். வாக்ஸ், சன் 3 வகை மெசின்களையே அது பிடித்தது. போன வழிகள் சில: மின்னஞ்சல் கொண்டுபோகும் சென்ட்மெயில் நிரலில் சோதனைக்காக விடப்பட்டு மூடாமல் கிடந்த ஒரு கதவு, ஆர் எந்த மெசினில் இருக்கினம் என்று சொல்லும் ஃபிங்கர் நிரலில் 512 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்துக்குள் 536ஐத் திணிப்பது, ஒன்றையொன்று நம்பும் மெசின்களின் உறவு, பிறகு கடவுச்சொல்லை ஊகிப்பது. பாவனையாளரின் பெயர், அந்தப் பெயரைத் தலைகீழாக, அதுவும் சரிவராட்டி தன்னோடு கொண்டுவந்த 432 சொற்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மொறிஸின் தகப்பன், அவரும் ரொபேர்ட் மொறிஸ்தான், 1979இல் கென் தொம்சனோடு சேர்ந்து யூனிக்ஸ் கடவுச்சொற்களின் பாதுகாப்பு பற்றிப் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதியவர். மகன் புழுவை அவிழ்த்துவிட்ட நேரம் அவர் அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகத்தின் கணினிப் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானி.

மெசின்கள் உறைய வேணும் எண்டு மகன் நினைக்கவில்லை. புழு ஒரு மெசினுக்குள் போனதும் "இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கோ?" என்று கேட்கும். இருந்தால் விலகவேணும். ஆனால் பொறுப்பாளர்கள் மெசினைப் பொய்யாக "ஓம்" சொல்ல வைத்தால்? அதற்காக, ஏழில் ஒரு தடவை என்ன பதில் வந்தாலும் தங்கிவிடச் சொல்லி எழுதினார். அந்த ஏழில் ஒன்றுதான் எல்லாத்தையும் கவிழ்த்தது. ஒரே மெசினை இத்தனை தரம் தட்டுவார்கள் என்று அவர் கணக்குப் போடவில்லை. புழுவுக்கு மேல் புழு குவிந்து, கோப்பு எதையும் தொடாமலே மெசின்களைச் சாய்த்தது.

கோப்பைத் தொடவில்லை என்பது இண்டைக்கு எங்களுக்குத் தெரியும். அந்த இரவில் ஒருத்தருக்கும் தெரியாது. புழு தன் பெயரை "எஸ்.எச்." என்று வைத்துக்கொண்டு சாதாரண வேலை மாதிரி நடித்தது, சில நிமிசத்துக்கு ஒருக்கா தன்னையே பிரதி எடுத்து அடையாள எண்ணை மாற்றியது, உள்ளே இருந்த சொற்களை நேரே வாசிக்க முடியாதபடி மறைத்து வைத்திருந்தது. மாதக்கடைசியில் எல்லாவற்றையும் அழிக்கும் ஒரு வெடி உள்ளே ஒளிந்திருந்தால்? கன இடங்களில் வயரைக் கழட்டினார்கள். இராணுவத்தின் மில்நெற் வலையமைப்பு ஆர்பாநெற்றோடு இருந்த தொடர்பை வெட்டிக்கொண்டது.

வயரைக் கழட்டினது பிழை எண்டு சொல்ல வரவில்லை. நானும் கழட்டியிருப்பன். ஆனால் மருந்தும் அதே வயரால்தான் வந்தது. பேர்க்லியில் இருந்து கீத் பொஸ்டிக் 3ஆம் திகதி விடியமுன்னமே சென்ட்மெயிலுக்கான திருத்தத்தை அனுப்பினார். கழட்டின இடங்களுக்கு அது போய்ச்சேரவில்லை. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. விசயம் கைமீறிப் போனது தெரிந்ததும் மொறிஸ் ஹார்வர்டில் இருந்த நண்பர் அண்டி சடத்திடம் சொல்ல, அவர் எப்படித் தடுப்பது என்று பெயர் போடாமல் அன்றிரவே ஒரு மடல் அனுப்பினார். வழியில் இருந்த மெசின் படுத்துக்கிடந்தது. மடல் பெரும்பாலானோருக்குக் கிடைக்க ஒரு நாளுக்கும் மேலே பிந்திவிட்டது. அதற்குள் அதில் இருந்ததை எல்லாம் மற்றவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

எப்படி? வாசித்துத்தான். பேர்க்லியிலும் எம்.ஐ.ரி.யிலும் சின்னக் குழுக்கள் நித்திரை இல்லாமல் இருந்து, பிடிபட்ட புழுவின் இயந்திர மொழியை வரி வரியாக சி மொழிக்குத் திருப்பி எழுதின. பேர்டியூவில் ஜீன் ஸ்பஃபோர்ட் தகவல்களைச் சேர்த்துப் பகிர்ந்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது அதன் பெரும்பகுதி புரிந்துவிட்டது. வெடி ஒன்றும் இல்லை. அழிக்கும் கட்டளை இல்லை. பேர்க்லி மெசின் ஒன்றுக்கு இடைக்கிடை ஒரு பைட் அனுப்பி, புழு அங்கிருந்துதான் புறப்பட்டது என்று காட்டப் பார்க்கும் ஒரு துண்டு இருந்தது. அதிலும் பிழை விட்டதால் அது ஒருநாளும் வேலை செய்யவில்லை. அந்த வாசிப்பு நடக்காட்டில், எத்தனை டிஸ்க்குகளைப் பயத்தில் அழித்திருப்பார்கள் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

பத்திரிகைகளில் 6,000 மெசின்கள் பாதிக்கப்பட்டன என்று வந்தது, இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மொறிஸின் நண்பர் போல் கிரகாம் அந்த எண் பிறந்த கதையைப் பிறகு சொன்னார்: இணையத்தில் 60,000 மெசின் இருக்கலாம் என்று ஆரோ ஊகிக்க, அதில் பத்து வீதம் பிடிபட்டிருக்கலாம் என்று இன்னொரு ஊகம். அதனால் அந்த எண்ணை நான் பெரிசாக நம்புவதில்லை.

அதே மாதம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சேர்ட் என்ற அவசர உதவி மையம் தொடங்கப்பட்டது. இப்படி நடந்தால் ஆருக்கு அடிக்கிறது எண்டு இனி ஒரு தொலைபேசி எண்ணாவது இருக்கும். 1986ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் 1990 ஜனவரியில் மொறிஸ் குற்றவாளியாகக் காணப்பட்டார். மே மாதம் தீர்ப்பு: சிறை இல்லை, மூன்று வருட நன்னடத்தைக் காலம், 400 மணித்தியாலச் சமூகசேவை, 10,050 டொலர் தண்டம். பிறகு அவர் எம்.ஐ.ரி.யிலேயே பேராசிரியரானார். புழுவை எங்கிருந்து அவிழ்த்துவிட்டாரோ அதே இடம். புழுவின் மூலநிரல் உள்ள ஃப்ளொப்பி ஒன்று இப்ப கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கட வீட்டில் இப்ப ஒரு மெசின் உறைஞ்சால் நான் முதலில் கையை வைச்சுச் சூட்டைப் பாக்கிறன். பிறகு எந்த வேலை செயலியைத் தின்னுது எண்டு பாக்கிறன். பிறகு வைஃபையை நிப்பாட்டி, படங்களை வேற டிஸ்க்குக்கு மாத்திறன். ஃபோர்மட் கடைசியில்தான். அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் அலுமாரிக்குள்ள துணியில் சுத்திக் கிடக்குது. மேலே ஆரும் திரும்ப எழுதாத இடங்களில் ஏதும் படம் மிஞ்சியிருக்குமோ எண்டு அக்கா வருசத்துக்கு ஒருக்காவாவது கேக்கிறா.