மழைக்காட்டில் தடுமாறும் ஒளி: புதிய கிராஃபிக்ஸ் நுட்பங்களும் கேரள எல்லைத் தமிழ் ஆட்டக்காரர்களும்

1. பொருளும் எல்லையும்

2018 ஆகஸ்டில் என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளை அறிவித்தது. அன்றிலிருந்து வீடியோ கேம் உலகில் ஒரே விவாதம் ஓயாமல் நடக்கிறது. ஒளியின் பாதையை நிகழ்நேரத்தில் கணக்கிடும் ரே ட்ரேசிங், குறைந்த பிக்சல்களிலிருந்து முழுப்படத்தை எழுப்பும் அப்ஸ்கேலிங், இல்லாத ஃப்ரேம்களை இட்டு நிரப்பும் ஃப்ரேம் ஜெனரேஷன் ஆகிய மூன்றும் ஆட்டக்காரர்களுக்கு உண்மையில் என்ன தந்தன என்பதே அந்த விவாதம்.

இந்தக் கேள்வியை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பாலக்காட்டில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம். இடுக்கியில் மறையூர், மூணாறு, சூரியநெல்லி, வண்டன்மேடு, குமுளி. கேரளத்துக்குள் தமிழ் பேசும் இந்த ஊர்கள் சந்தைக்குக் கடைக்கோடி. அதனால்தான் இவை நல்ல ஆய்வுக்களம். பெருநகரத்தில் ஒரு நுட்பத்தின் குறையைப் பணம் மறைத்துவிடும். இங்கே மறைக்க வழியில்லை.

என் துணிபு இது. அப்ஸ்கேலிங் முதன்மையாக வசதி குறைந்த ஆட்டக்காரருக்குப் பயன்பட வேண்டிய நுட்பம். சில காலம் அப்படியே பயன்படவும் செய்தது. பிறகு அதே நுட்பம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் காரணமாக மாறியது. இங்குள்ள ஆட்டக்காரர்களின் நம்பிக்கையும் ஐயமும் இந்த ஒரு வேரிலிருந்தே கிளைக்கின்றன.

2. களம்

2.1 போன் வந்த வழி

2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகக் கேரள அரசின் இணையவழி வகுப்புகள் தொடங்கின. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் நல்ல ஸ்மார்ட்போன் வாங்க அதுவே காரணமாயிற்று. ரேஞ்ச் தேடிப் பிள்ளைகள் மேட்டிலும் சாலையோரத்திலும் உட்கார்ந்து படித்த காலம் அது. பாடத்துக்கு வாங்கிய போனில் கேமும் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் வந்து சேர்ந்தது.

ஃப்ரீ ஃபயரின் கதையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் சாதாரண ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டது. மேம்பட்ட கிராஃபிக்ஸ் கொண்ட ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் கடையில் எஞ்சியது. எளிய போன்களுக்காகவே செய்யப்பட்ட கேம் மறைந்து, கனமானது நின்றது. இரண்டு ஜிபி ரேம் போன் வைத்திருந்தவர்களுக்கு ‘சிறந்த கிராஃபிக்ஸ்’ அன்று வரமாக வரவில்லை.

2.2 ‘ஸ்மூத்’ என்னும் தேர்வு

பிஜிஎம்ஐ ஆடும் ஒருவரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் வரிசையில் ஸ்மூத், பேலன்ஸ்டு, எச்டி, எச்டிஆர், அல்ட்ரா எச்டி என்று இருக்கும். போன் எச்டிஆர் வரை தாங்கினாலும் கை ஸ்மூத்தில்தான் நிற்கும். கீழே ஃப்ரேம் ரேட் வரிசையில் எக்ஸ்ட்ரீம், அதற்கு மேலும் திறந்தால் 90. படத்தின் அழகைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டும் இந்தச் சேர்க்கையைப் பத்தாம் வகுப்புப் பையனும் அறிவான். “ஸ்மூத்துல போடுடா, அப்பத்தான் லேக் அடிக்காது” என்பது இங்கே முதல் பாடம். போட்டிக்கும் அது லாபம்: தொலைவில் கிராஃபிக்ஸ் குறைவாக வரையப்படும்போது புல் மறைந்துபோகும், புல்லுக்குள் படுத்திருப்பவன் வெட்டவெளியில் கிடப்பது போலத் தெரிவான்.

இந்தத் தேர்வை வறுமையின் அடையாளமாக மட்டும் படிப்பது தவறு. உலகத் தரப் போட்டியாளர்களும் இதையே செய்கிறார்கள். விரல் தொட்டதும் திரை பதில் சொல்ல வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை அழகியல்; வெளிச்சமும் நிழலும் அதற்குப் பிறகுதான்.

2.3 வெயிலும் ரேஞ்சும்

எல்லையின் இரு முனைகளும் போனை இரு விதமாகச் சோதிக்கின்றன. பாலக்காட்டில் வெப்பம்: 2024 ஏப்ரல் இறுதியில் அந்த மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே விடப்பட்டது. அந்த வெயிலில், அதுவும் சார்ஜில் போட்டபடி ஆடினால், சில நிமிடங்களில் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். 60இல் ஓடிய கேம் 40க்கு இறங்கும். மூணாறின் மேல் எஸ்டேட்களில் ஜனவரியில் உறைபனி விழும். சூடு பிரச்சினையே இல்லை. அங்கே ரேஞ்ச் இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்டும் இல்லை. 1940 முதல் பள்ளிவாசலிலிருந்தும் 1976 முதல் மூலமற்றத்திலிருந்தும் நாட்டுக்கு மின்சாரம் அனுப்பும் மாவட்டத்தின் தொழிலாளர் லயங்களில் இந்த நிலை இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

2022 முதல் உயர்தர போன் சிப்கள் ரே ட்ரேசிங் வன்பொருளோடு வருகின்றன. அது இந்தக் களத்தில் ஏன் பேச்சாகவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

3. நுட்பம் தரும் வாக்கு

பழைய முறையில் ஒரு காட்சியின் வெளிச்சத்தை ஓவியர்கள் முன்கூட்டியே கணக்கிட்டுச் சுவரிலும் தரையிலும் பதித்துவிடுவார்கள். ரே ட்ரேசிங்கில் ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பது ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்கிடப்படுகிறது. கதவைத் திறந்தால் அறைக்குள் வெளிச்சம் தானாகப் பரவும். இது உண்மையான முன்னேற்றம். ஆனால் கணக்கின் சுமை பெரிது.

அந்தச் சுமையைத் தாங்கவே அப்ஸ்கேலிங் வந்தது. 4கே திரையில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1080பி திரையில் சுமார் 21 லட்சம். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ‘பெர்ஃபார்மன்ஸ்’ முறையில் அந்த 21 லட்சத்தை மட்டும் வரைந்து, மீதியை முந்தைய ஃப்ரேம்களின் நினைவிலிருந்தும் பயிற்சி பெற்ற நரம்பியல் வலையின் கணிப்பிலிருந்தும் எழுப்புகிறது. 2018இல் மங்கலாக இருந்த இந்நுட்பம் 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்பில் வியக்கத்தக்க அளவு தேறியது.

மூன்றாவது, ஃப்ரேம் ஜெனரேஷன். 2022இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்தது. 2025 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் உண்மையான ஒரு ஃப்ரேமுக்கு மூன்று இடைஃப்ரேம்கள் வரை உருவாக்கத் தொடங்கியது. மேற்சொன்ன ‘பெர்ஃபார்மன்ஸ்’ அப்ஸ்கேலிங்கையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், திரையில் தெரியும் 16 பிக்சல்களில் 15 கணிக்கப்பட்டவை.

ஐயத்தின் மையம் இங்கேதான். 30 ஃப்ரேமில் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட் ஆகும். அதை 120 ஆகக் காட்டினாலும் பொத்தானை அழுத்துவதற்கான பதில் அந்த 33 மில்லிசெகண்ட் தாளத்திலேயே வரும். இடைஃப்ரேமை உருவாக்க அடுத்த உண்மை ஃப்ரேமைக் கொஞ்சம் தடுத்து வைக்க வேண்டியிருப்பதால் தாமதம் சற்றுக் கூடவும் செய்யும். கண்ணுக்கு ஓட்டம், கைக்குப் பாரம். ‘ஸ்மூத்-எக்ஸ்ட்ரீம்’ பழகிய விரல் இதை உடனே கண்டுபிடித்துவிடும். ஏற்கெனவே 60க்கு மேல் ஓடும் கணினியில் இந்நுட்பம் அழகாக வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வலிமை உள்ளவருக்கே அது மேலும் வலிமை தருகிறது.

4. ஐயத்தின் வரலாறு

4.1 முன்னோட்டமும் பொருளும்

2012இல் முன்னோட்டமாகக் காட்டப்பட்ட வாட்ச் டாக்ஸ் கேம் 2014இல் கைக்கு வந்தபோது வெளிச்சம் இறங்கிப்போயிருந்தது. 2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 வெளியானது. பிஎஸ்4 கருவியில் அது ஓடிய விதத்தைப் பார்த்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில். பழைய கருவி வைத்திருந்தவர்களை நம்பவைத்துப் பணம் வாங்கிய நிகழ்வு என்பதால் அந்தக் காயம் ஆழமானது.

2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, 1,599 டாலர் ஆர்டிஎக்ஸ் 4090இன் திறனைத் தரும் என்று மேடையில் சொன்னார். இடைஃப்ரேம்களைச் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஒரு நல்ல நுட்பத்தின் பெயரையே கெடுக்கின்றன என்பது என் கருத்து.

4.2 துணை தேவையாக மாறியது

இங்குள்ள ஆட்டக்காரர்களுக்கு மிக முக்கியமான பகுதி இது. ஜிடிஎக்ஸ் 1650, 2019இல் வந்த 4 ஜிபி கார்டு. ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் 2022 இறுதியில் உலகிலேயே அதிகம் பயன்பாட்டில் இருந்த கார்டு அதுதான். இந்தியாவில் கல்லூரிப் படிப்புக்கு வாங்கிய கேமிங் லேப்டாப்களில் அது நிறையவே இருந்தது. டிஎல்எஸ்எஸ் அதில் ஓடாது. 2021 ஜூனில் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலிங் நுட்பம் ஓடியது. போட்டி நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும்படி திறந்த மூலமாக அதைக் கொடுத்தார்கள். பழைய லேப்டாப்புக்கு இரண்டு ஆண்டு ஆயுள் கூடியது. நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான்.

பிறகு காற்று திரும்பியது. 2023இல் ரெம்னன்ட் 2 வெளியானபோது, அப்ஸ்கேலிங்கை மனதில் வைத்தே கேமை வடிவமைத்ததாக அதைச் செய்தவர்களே கூறினர். 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ், 1080பி திரையில் 60 ஃப்ரேம் ஓடுவதற்கான பரிந்துரையிலேயே ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்துச் சொன்னது. மிச்சம் பிடித்துத் தருவதாக வந்த நுட்பம் அந்த மிச்சத்தைத் தானே விழுங்கிவிட்டது. 2024 டிசம்பரின் இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதத்தின் டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே ட்ரேசிங் வன்பொருளைக் கட்டாயமாக்கின, 1650 வைத்திருப்பவருக்கு அங்கே இடமே இல்லை. எஃப்எஸ்ஆரின் நான்காம் பதிப்பும் ஏஎம்டியின் புதிய 9000 வரிசைக்கு மட்டும் என்று அறிமுகமானது.

4.3 விலை

ஆர்டிஎக்ஸ் 5070 இந்தியாவில் 59,000 ரூபாயில் தொடங்கியது. பிஎஸ்5, 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய். 2015இல் மூணாறில் பெம்பிளை ஒருமை என்ற அமைப்பாகத் திரண்டு தோட்டப் பெண்கள் போராடிய பிறகு தோட்ட நாட்கூலி 232இலிருந்து 301 ஆனது. அதன்பின் கூலி உயர்ந்திருந்தாலும், ஒரு கார்டின் விலை இன்னும் பல மாதச் சம்பளம். வேலந்தாவளத்துக்காரர் கோவைக்கும், மூணாறுக்காரர் எர்ணாகுளம் பென்டா மேனகா வணிக வளாகத்துக்கும் போய்ப் பழைய கார்டு தேடுவதன் காரணம் இதுவே. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், ஏஐ தரவு மையங்களின் தேவையை முன்னிட்டு, தன் க்ரூஷியல் சில்லறை மெமரி வணிகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. ரேம் விலை ஏறும்போது புதியதும் பழையதும் சேர்ந்தே எட்டாமல் போகின்றன.

5. மலையே வைக்கும் சோதனை

2017இல் நாட்டி டாக் வெளியிட்ட அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி, மேற்குத் தொடர்ச்சி மலையைக் களமாகக் கொண்டது. க்ளோயி ஃப்ரேசரும் நாடீன் ராஸும் ஹொய்சளச் சிற்பங்களுக்கிடையே ஜீப்பில் திரியும் நான்காம் அத்தியாயத்துக்கு மலையின் பெயரே தலைப்பு. ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாத பிஎஸ்4இல் செம்மண் சேறும் அருவியும் அடர்பச்சையும் அச்சு அசலாக வந்திருந்தன. உழைப்பும் கண்ணும் சேர்ந்தால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சான்று.

புதிய நுட்பங்கள் இதே மலையில்தான் திணறுகின்றன. அப்ஸ்கேலிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் முந்தைய ஃப்ரேமை நம்புபவை; ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற தகவல் அவற்றுக்கு வேண்டும். சுவருக்கும் காருக்கும் அத்தகவல் சரியாகக் கிடைக்கும். மழைத்துளிக்கும் மூடுபனிக்கும் பல கேம்களில் அது பதிவாவதே இல்லை. எனவே அவை பின்னால் வால் இழுக்கின்றன. ஒரு பிக்சலைவிட மெல்லிய புல்நுனி குறைந்த பிக்சலில் வரையும்போதே காணாமல் போய், அடுத்த ஃப்ரேமில் தோன்றி, மினுமினுக்கும். ஆயிரக்கணக்கான ஓட்டைகள் கொண்ட இலைத்திரளுக்குள் ஒளிக்கதிரைச் செலுத்துவது ரே ட்ரேசிங்குக்கு மிகச் செலவான வேலை. ஈரத்தெருவில் நியான் விளக்கு மின்னும் நகரக் காட்சியே இந்நுட்பங்களின் விளம்பரத்துக்கு ஏன் இவ்வளவு தோதானது என்பது இப்போது விளங்கும். ஜூன் மாதத்தில் இடுக்கியின் வட்டவடைச் சோலைக்காட்டைக் கொடுத்தால் மூன்று நுட்பங்களின் குறையும் ஒரே திரையில் தெரிந்துவிடும்.

6. நம்பிக்கைக்கான சான்றுகள்

கேம் உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சின் 5, 2022 ஏப்ரலில் வெளியானபோது, நுண்ணிய வடிவங்களை வரையும் அதன் நானைட் நுட்பம் பாறைக்குப் பொருந்தியது, இலைக்குப் பொருந்தவில்லை. அடுத்தடுத்த பதிப்புகளில் அதைச் சரிசெய்து வருகிறார்கள். அந்த எஞ்சினில் செய்து 2025 ஜூனில் காட்டப்பட்ட தி விட்சர் 4 முன்னோட்டம் அடர்ந்த காட்டை, சாதாரண பிஎஸ்5இல், ரே ட்ரேசிங்கோடு 60 ஃப்ரேமில் ஓட்டியது. விலை கூடிய கருவியைக் காட்டாமல் அடிப்படைக் கருவியில் காட்டியதை நான் மதிக்கிறேன். தி விட்சர் 4ஐச் செய்யும் நிறுவனம்தான் சைபர்பங்க்கையும் தந்தது என்பதால் கேம் கைக்கு வரும்வரை காத்திருப்பதும் நியாயமே.

இதைவிட உறுதியான சான்று ஆலன் வேக் 2. 2023 அக்டோபரில் வந்தபோது மெஷ் ஷேடர் வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளில் அது நொண்டியது. 2024 மார்ச்சில் ரெமடி நிறுவனம் ஒரு அப்டேட் வழியாக அந்தப் பழைய கார்டுகளிலும் ஓட்டத்தைக் கணிசமாக உயர்த்தியது. மனம் வைத்தால் முடிகிறது.

இந்த நுட்பங்கள் எதுவும் தேவைப்படாத வழியும் உண்டு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட வெண்பா, கனடாவுக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கையால் வரைந்த இருபரிமாணப் படங்களில் சொன்னது. 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது. இட்லித் தட்டின் அடுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதே அதில் ஒரு புதிர். 1650க்கும் கீழான லேப்டாப்பில் தடையின்றி ஓடும் அந்தக் கேமில் நம் வீட்டுப் பாத்திரத்தை அடையாளம் கண்டுகொள்ளும் நிறைவை, கதிர்களின் எண்ணிக்கை கொடுத்துவிடாது.

வாங்கும் முடிவுக்கு வருவோருக்கு இந்த ஆய்விலிருந்து சில நடைமுறைகள் கிடைக்கின்றன. பரிந்துரைப் பட்டியலில் ஃப்ரேம் எண்ணைப் பார்க்கும்போது அப்ஸ்கேலிங்கும் ஃப்ரேம் ஜெனரேஷனும் சேர்ந்த கணக்கா என்று முதலில் பார்க்க வேண்டும். மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் தந்ததுபோல இலவச பெஞ்ச்மார்க் இருந்தால், வாங்கும் முன் அதைத் தன் கணினியில் ஓட்டிவிடலாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தொடக்கக் காணொளிகளில் செலவழிக்காமல், கேமில் மழை பெய்யும் இடத்துக்கோ காட்டுக்கோ நேராகப் போய், கேமராவை வேகமாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது.