எச்.எம்.டி. தெரியாமலா தோத்துச்சு?

கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு வாட்ச்னா எச்.எம்.டி.தான்னு ஒரு காலம் இருந்துச்சு. ஜனதா, பைலட், காஞ்சன்... பேரைச் சொன்னாலே வீட்டுப் பெரியவங்க முகம் மலரும். மெஷின் டூல்ஸ் செஞ்சுக்கிட்டிருந்த அந்தப் பொதுத்துறை நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோட பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பிச்சது. எச்.எம்.டி. வாட்சஸை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

"குவார்ட்ஸ் வந்துச்சு, அரசாங்கக் கம்பெனி தூங்கிடுச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சுடறோம். ஆனா மேட்டர் அது இல்லை. டைட்டன் வர்றதுக்கு முன்னாடியே, 1980-களின் தொடக்கத்திலேயே எச்.எம்.டி. குவார்ட்ஸ் வாட்ச் செஞ்சு வித்திருக்கு!

அப்புறம் ஏன் சறுக்கிச்சு?

சாவி கொடுக்கிற வாட்சோட உயிர், உள்ளே இருக்கிற மெல்லிய சுருள்வில்லும் பொடிப்பொடிப் பல்சக்கரங்களும். குவார்ட்ஸ்ல அந்த வேலையை ஒரு படிகம் பார்க்குது. பேட்டரி மின்சாரத்துல விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதை 15 முறை பாதி பாதியாக்கினா விநாடிக்கு ஒரு துடிப்பு. அவ்வளவுதான். பல வருஷம் பழகின கைத்திறனுக்கு அங்கே பெரிசா வேலை இல்லை.

இப்போ எச்.எம்.டி. அதிகாரி நாற்காலியில நீங்க உட்கார்ந்து பாருங்க. சாவி வாட்ச்சுக்காக வாங்கிப் போட்ட மெஷின்கள், பழக்கி எடுத்த தொழிலாளிகள், நல்லா விக்கிற சரக்கு. இதையெல்லாம் ஓரங்கட்டிட்டு, விலை கூடின புதுசுக்குத் தாவுங்கன்னா எந்தப் புத்திசாலி தாவுவார்? கிளேட்டன் கிறிஸ்டென்சன் 1997-ல் எழுதின புத்தகத்தோட சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: நல்ல நிர்வாகம் செய்யற நியாயமான முடிவுகளே நிறுவனத்தைக் கவிழ்க்கும்.

1984-ல் டாடாவும் நம்ம தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பிச்ச டைட்டனுக்கு இந்தச் சுமை எதுவும் கிடையாது. ஓசூர்ல ஆலை. செர்க்செஸ் தேசாய் தைரியமா குவார்ட்ஸ் மேல பந்தயம் கட்டினார். வாட்ச்சை மணி பார்க்கிற கருவியா இல்லாம, அழகுப் பொருளா வித்தாங்க. இழக்க ஒண்ணும் இல்லாதவனுக்குத் துணிச்சல் சுலபம்.

இன்னிக்கு மணி பார்க்க செல்போன் போதும். டைட்டன் வருமானத்தில் பெரும்பங்கு தனிஷ்க் நகையிலிருந்து வருது. வாட்ச் நல்லா ஓடிக்கிட்டிருந்த 1990-களிலேயே நகையில இறங்கினதுதான் எனக்குப் பெரிய விஷயமா படுது.

கம்பெனி தோத்தா பேலன்ஸ் ஷீட்ல ஒரு கோடு. சுருள்வில்லைக் கண்ணால பார்த்தே சரிசெஞ்ச அந்தக் கைகளுக்கு என்ன பதில்? எனக்கு விடை தெரியலை. உங்களுக்கு?