தச்சர் கைப் படகு

ஷேக்கிள்டனின் ‘சவுத்’ (1919), அவர் சொல்லச்சொல்ல எட்வர்ட் சாண்டர்ஸ் எழுத்தாக்கிய பிரதி. மற்றவர் குரலெல்லாம் தலைவனின் குரலில் கரைந்துபோகும் கதையாடல். நான் அதில் தேடுவது தச்சர் மக்நிஷை.

1916 ஏப்ரல் 24இல் எலிஃபண்ட் தீவிலிருந்து 22½ அடிப் படகில் ஆறுபேர் கிளம்பினார்கள். தெற்கு ஜார்ஜியா 800 கடல் மைல். பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு வோர்ஸ்லி சூரியனை அளந்தது நாலைந்து தடவைதான். மே 10இல் கரை. பெரிய காரியம்தான், யார் இல்லைன்னது? ஆனால் அந்தப் படகு? பக்கங்களை உயர்த்திக் கட்டியவர் மக்நிஷ். இடுக்குகளில் விளக்குத்திரி, ஓவியரின் எண்ணெய்ச் சாயம், சீல் ரத்தம்.

1915 டிசம்பரில் பனிமேல் படகிழுக்க மறுத்தவரும் அவரே. கப்பல் முழுகிப்போச்சு, ஒப்பந்தமும் போச்சு என்பது அவர் வாதம். தொழிலாளி கேட்ட சட்டக் கேள்வி அது. பின்வந்த வீரக்கதைகள் கலகம் என்றே எழுதின. துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் மக்நிஷும் ஒருவர். 1930இல் வெலிங்டனில் வறுமையில் செத்தார். அவருடைய நாட்குறிப்பு அதே ஊர் நூலகத்தில் இருக்கிறது.