மழைக்குப் பின் மண்ணில் மின்னும் பழைய பாசிமணி: எடுத்து வைத்துக்கொள்ளலாமா? சட்டம் சொல்வது என்ன?

கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. செங்கல் நிறம். நடுவில் மெல்லிய துளை. பார்த்தால் சாதாரண பாசிமணிதான். ஆனா, இதன் வயசு 2,000 வருஷமாகக்கூட இருக்கலாம்!

எங்கிருந்து வந்தது?

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு, பழங்காலத்தில் கண்ணாடி மணிகள் செய்த துறைமுக ஊர். 1930-களில் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய பொருட்கள்தான் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேயின் கவனத்தை இங்கே திருப்பின. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இந்த வகை மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்து, வியட்நாம் வரை கிடைத்துள்ளன. 'இந்தோ-பசிபிக் மணி' என்ற பெயர் வந்தது அதனால்தான்.

எப்படிச் செய்தார்கள்?

உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீளக் குழாயாக இழுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுபடுத்தினால் ஓரங்கள் உருண்டுவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் குமிழ்களும் கோடுகளும் துளையின் திசையிலேயே ஓடும்.

இதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறை நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் மணியைப் பார்த்து மட்டும் வயதைச் சொல்லிவிட முடியாது. 'ஒரிஜினல் பழசுங்க' என்ற பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

* 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்கள் 1972 சட்டப்படி தொல்பொருள். அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை.
* தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.
* மண்ணில் புதைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டு புதையல் சட்டம்.
* அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே எதையும் பொறுக்கக் கூடாது.

கண்ணில் பட்டால் என்ன செய்வது?

தோண்டாதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ. அல்லது தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் மணி மிஞ்சும், வரலாறு போய்விடும்.

சேகரிக்க ஆசையா? இப்போது செய்யப்படும் மணிகளை வாங்குங்கள். பாட்டி கொடுத்த பழைய மாலை இருந்தால், யார் கொடுத்தது, எந்த ஊர் என்று எழுதி அதனுடனேயே வையுங்கள்.