பூந்தமல்லி பட்டாளம் முதல் ஆவடி அடுப்படி வரை: பூண்டு பன் வீட்டுக்கு வந்த கதை

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் ஒரு பிரெட் பாக்கெட் வாங்கி வருவது தமிழ்நாட்டு வழக்கம். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், கூடவே ஒரு பிரெட். ஆக, ரொட்டி என்பது பல தலைமுறைகளுக்கு நோயாளியின் சாப்பாடு. நல்லா இருப்பவன் சோறு சாப்பிடுவான், அவ்வளவுதான்!

அதே ரொட்டி இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வீட்டு அடுப்படியிலேயே பிசையப்படுகிறது. மேலே பூண்டு, வெண்ணெய், கொத்தமல்லி. எப்போதும் கடையில் வாங்கும் பொருளாகவே இருந்த ஒன்று எப்படி வீட்டுப் பலகாரமானது? இதற்கு நடுவில் ஒரு பட்டாளம், ஒரு பஞ்சம், ஒரு தொழிற்பேட்டை, ஒரு தடை எல்லாம் இருக்கின்றன.

பாண் வந்த வழி

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து இறங்கினார். 1520-களில் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர் சாந்தோமில் குடியேறினார்கள். அவர்கள் மொழியில் ரொட்டிக்குப் பெயர் 'பாவ்ங்' என்பது போல ஒலிக்கும். மும்பை வடா பாவில் இருக்கும் 'பாவ்' இதுதான். இலங்கைத் தமிழில் இன்றும் ரொட்டிக்குப் 'பாண்' என்றே பெயர். அங்கே பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று அழகான தமிழ்ச் சொல்லும் உண்டு. தமிழ்நாட்டில் மட்டும் ஆங்கிலேயரிடம் வாங்கிய 'பிரெட்', 'பன்' என்ற சொற்கள் நிலைத்துவிட்டன.

கோவாவில் இறங்கிய போர்த்துக்கீசியருக்கு ஒரு சிக்கல். மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் இங்கே கடையில் கிடைக்காது. அதற்குப் பதிலாகக் கள்ளைப் பயன்படுத்தினார்கள். பனை, தென்னங்கள்ளில் இயற்கையாகவே ஈஸ்ட் இருக்கிறது. ஆப்ப மாவில் கள் விடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை.

புளிக்க வைப்பதில் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இட்லி மாவு தினமும் இரவில் பொங்குகிறது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. இட்லி மாவில் உளுந்தின் பிசுபிசுப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது. ரொட்டியில் அந்த வேலையைச் செய்வது கோதுமையில் உள்ள குளூட்டன். அரிசியில் குளூட்டன் கிடையாது. கோதுமையோ தமிழ்நாட்டில் பெரிதாக விளையாத பயிர். எனவே இந்த ஊர் ரொட்டியின் வரலாறு என்பது கோதுமை எப்படி வந்தது என்ற வரலாறும்தான்.

பட்டாளத்து ரொட்டி

சென்னையின் மேற்கே பூந்தமல்லியில் ஆங்கிலேயர் காலத்தில் ஒரு கண்டோன்மென்ட் இருந்தது. ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்கும் டிப்போவும் அங்கேதான். ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு ரொட்டி, ஒரு பவுண்டு இறைச்சி என்பது படியளக்கும் கணக்கு. நூறு சிப்பாய் இருந்தால் தினமும் நூறு பவுண்டு ரொட்டி! அது நேரத்துக்கு வந்தாக வேண்டும். பழைய பேக்கரிகளில் "அரை பவுண்டு ரொட்டி, ஒரு பவுண்டு ரொட்டி" என்று கேட்கும் வழக்கத்தில் அந்த அளவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

1878-ல் மெட்ராஸில் 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற சமையல் புத்தகம் வெளிவந்தது. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் அதை எழுதியவர் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. பேக்கிங் பவுடர் போட்டு வீட்டிலும் முகாமிலும் ரொட்டி சுடும் வழியை அவர் அதில் சொல்லியிருக்கிறார். ஆக, 'வீட்டிலேயே ரொட்டி' என்ற யோசனை சென்னைக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழசு. ஆனால் அந்த வீடு துரையின் பங்களா. சுட்டவரோ சம்பளத்துக்கு வேலை செய்த சமையல்காரர்.

பெரம்பூரில் 1856-ல் ரயில்வே பணிமனை வந்தது. அதைச் சுற்றி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வசித்தன. வேப்பேரிப் பக்கம் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-லும், மெக்ரெனெட் 1903-லும் தொடங்கின. ரொட்டி மெதுவாகப் பட்டாளத்திலிருந்து தெருவுக்கு வந்தது.

கப்பலில் வந்த கோதுமை

சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததுதான் பெரிய திருப்பம். 1954-ல் அமெரிக்கா பி.எல்.480 என்ற சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் இறக்குமதியானது. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியே மக்களைக் கேட்டுக்கொண்ட காலம் அது.

அரிசி சாப்பிடும் ஊருக்குக் கோதுமை வந்தால் என்ன ஆகும்? மக்களுக்குப் பிடிக்கவில்லை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் அரிசித் தட்டுப்பாடு முக்கியமானது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற தி.மு.க. வாக்குறுதிக்கு இருந்த வேகத்தை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

கோதுமையை மக்கள் சாப்பிட வேண்டுமானால் தயார் உணவாகவே கொடுத்துவிடலாம் என்று மத்திய அரசு நினைத்தது. 1965-ல் மாடர்ன் பேக்கரீஸ் என்ற அரசு நிறுவனம் உருவானது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியா உதவியது. சென்னை உட்படப் பல நகரங்களில் ஆலைகள் வந்தன. மெழுகுத்தாளில் சுற்றிய, வெட்டிய துண்டுகளாக வரும் 'மாடர்ன் பிரெட்' நடுத்தர வீட்டுக்குள் நுழைந்தது இப்படித்தான். காய்ச்சல்காரருக்குக் கொடுத்த அந்த பிரெட்டுக்குப் பின்னால் ஒரு பஞ்சகாலக் கொள்கை இருந்தது!

இதே நிறுவனத்தை 2000 ஜனவரியில் மத்திய அரசு ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றது. 74 சதவீதப் பங்கு, சுமார் 105 கோடி ரூபாய். நிர்வாகத்தோடு சேர்த்துத் தனியாருக்குக் கைமாறிய முதல் மத்திய அரசு நிறுவனம் இதுதான். பிறகு 2016-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கும், 2021-ல் மெக்சிகோவின் குருப்போ பிம்போவுக்கும் போனது.

தொழிற்பேட்டையும் டீக்கடை பன்னும்

இதே காலத்தில் சென்னையின் மேற்குப் பகுதி முழுவதும் மாறிக்கொண்டிருந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கப்பட்டது. டன்லப் டயர் ஆலை 1959-ல் அம்பத்தூருக்கு வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் நிறுவப்பட்டு, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் அமைந்தது. பாடியில் எம்.டி.எச். சாலையில் பிரிட்டானியா ஆலை வந்தது. அந்த ஆலையின் பெயரே பேருந்து நிறுத்தத்துக்கும் ஆகிவிட்டது.

ஷிப்டு வேலை வந்தால் சாப்பாட்டு நேரம் மாறும். காலை ஆறு மணிக்கு உள்ளே போகிறவருக்கும் நள்ளிரவில் வெளியே வருகிறவருக்கும் சுடச்சுட இட்லி கிடைக்காது. ஆனால் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பன் இருக்கும். டீயில் தொட்டுச் சாப்பிட்டால் பசி அடங்கும். கையும் அழுக்காகாது. நோயாளியின் உணவு தொழிலாளியின் உணவானது இங்கேதான் எனலாம்.

ஆனாலும் வீட்டில் யாரும் சுடவில்லை. காரணம் எளிது. தமிழ் அடுப்படியில் இட்லிப் பானை உண்டு, தோசைக்கல் உண்டு, எண்ணெய்ச் சட்டி உண்டு. நாலு பக்கமும் காய்ந்த சூடு கொடுக்கும் ஓவன் கிடையாது. ஈஸ்ட்டும் மளிகைக் கடையில் கிடைக்காது.

பூண்டு சேர்ந்தது எப்போது?

ரொட்டியை அனலில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவது இத்தாலியப் பழக்கம். 'புரூஸ்கெட்டா' என்பார்கள். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் உணவகங்களில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் வந்தது. அதுதான் கார்லிக் பிரெட். 1996-ல் டோமினோஸ் டெல்லியிலும், பீட்சா ஹட் பெங்களூரிலும் முதல் கடையைத் திறந்தன. பீட்சாவுக்குத் துணையாகக் கார்லிக் பிரெட்டும் வந்து சேர்ந்தது.

இங்கே பூண்டுக்குப் பஞ்சமே இல்லை. தேனி மாவட்டம் வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டுக் குழம்பும் பூண்டு ஊறுகாயும் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த ரொட்டி உடனே பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

வீட்டுக்கு வந்தது

இரண்டு சம்பவங்கள் ரொட்டியை வீட்டுக்குள் தள்ளின.

முதலாவது 2016. டெல்லியில் விற்ற 38 வகை பிரெட், பன், பாவ் போன்றவற்றை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருந்ததாக அந்த மே மாதம் அறிவித்தது. மாவு நன்றாக உப்பி வர ஆலைகளில் சேர்க்கும் பொருள் இது. புரோமேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஏற்கெனவே சேர்த்திருந்தது. அடுத்த மாதமே இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. ஆனாலும் 'பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது' என்ற கேள்வி மக்கள் மனதில் தங்கிவிட்டது.

இரண்டாவது 2020 மார்ச் ஊரடங்கு. உலகம் முழுக்க வீட்டில் ரொட்டி சுட ஆரம்பித்தார்கள். பல நாடுகளில் ஈஸ்ட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. சென்னைப் புறநகரிலும் சிறிய மின் ஓவன், கிராம் தராசு, சின்னப் பாக்கெட்டில் உலர் ஈஸ்ட் எல்லாம் சாதாரணப் பொருள்களாகிவிட்டன.

ரொட்டி அரசியலை விட்டு விலகவும் இல்லை. 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சரிடம் ஒரு ஓட்டல் உரிமையாளர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சொன்னது தமிழ்நாடே பேசிய விஷயம். 2025 செப்டம்பரில் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தது.

செய்முறையில் இருக்கும் வரலாறு

எட்டு பன்னுக்கு மைதா 250 கிராம், பால் 170 முதல் 180 மில்லி, உலர் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், வெண்ணெய் 30 கிராம் போதும்.

மிருதுவாக வர ஒரு வழி உண்டு. 20 கிராம் மைதாவை 100 மில்லி பாலில் கரைத்து, கூழ் காய்ச்சுவது போலக் கிளறி ஆறவைக்க வேண்டும். வெந்த மாவு நிறையத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். எனவே பன் மறுநாளும் காயாது. இது கிழக்கு ஆசியப் பேக்கரிகளின் உத்தி. கூழ் காய்ச்சத் தெரிந்த ஊருக்கு இது ஒரு பெரிய விஷயமா!

அந்தக் கூழுடன் மீதி மாவு, வெதுவெதுப்பான பால், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பிசைந்து, பிறகு வெண்ணெய் சேர்த்து மொத்தம் 12 நிமிடமாவது பிசைய வேண்டும். பால் கொதிக்கக் கூடாது. சுமார் 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். சென்னை வெயிலில் 45 நிமிடத்திலேயே மாவு இரண்டு மடங்காகும். மே மாதத்தில் அதற்கும் முன்பே! குளிர்நாட்டுக் குறிப்பில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தை நம்பினால் புளிப்பு ஏறிவிடும். கடிகாரத்தை விட மாவைப் பார்ப்பதே சரி. இட்லி மாவு அரைக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

பச்சைப் பூண்டை மாவோடு சேர்த்துப் பிசையக் கூடாது. அது ஈஸ்ட்டின் வேலையைக் கெடுக்கும். 50 கிராம் வெண்ணெயில் நறுக்கிய எட்டுப் பல் பூண்டைப் பச்சை வாசனை போகும்வரை சூடாக்கி, கொத்தமல்லி சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். உருண்டை பிடிக்கும்போது பாதியை உள்ளே வைத்து, மீண்டும் அரை மணி நேரம் பொங்கவிட்டு, 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுட்டு, மீதியை வெளியே எடுத்த உடனே தடவினால் பூண்டு கருகாது. ஓவன் இல்லாதவர்கள் கனமான பாத்திரத்தில் உப்பு பரப்பி, மூடி, சூடாக்கி அதில் வைத்துச் சுடலாம். நேரம் கொஞ்சம் கூடும், மேல் நிறம் கொஞ்சம் குறையும்.

பூந்தமல்லிச் சிப்பாய்க்கு ரொட்டி ராணுவக் கணக்கு. 1966-ல் அது இறக்குமதிக் கப்பலின் கணக்கு. அம்பத்தூர் ஷிப்டுத் தொழிலாளிக்கு அது பத்து நிமிட இடைவேளையின் கணக்கு. ஒவ்வொரு முறையும் மாவில் என்ன சேர வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். இன்றும் கோதுமை தூரத்திலிருந்துதான் வருகிறது, ஈஸ்ட்டும் ஆலையிலிருந்துதான் வருகிறது. ஆனால் உப்பு எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, எத்தனை நேரம் பொங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது மட்டும் பிசைகிற கைகள். காய்ச்சல் வராமலேயே ரொட்டி சாப்பிடும் காலம் வந்தது இப்படித்தான்!