ஒரே சோடிக் கையுறை: மூத்த விக்கெட் காப்பாளரும் இளையவரும்

கற்பிட்டியில் இருந்து உடப்பு, சிலாபம் வரையான புத்தளம் கரையோரத்தில் மென்பந்து கிரிக்கெட் ஆடாத ஊர் அரிது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இக்கரையில்தான் மட்டை பிடித்தார்கள். கடினபந்துக்கு மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பந்துவீச்சாளர் ஐந்து பேருக்கு இடமுண்டு. விக்கெட் காப்பாளர் ஒருவர்தான். மூத்தவர் கையுறையைக் கழற்றும்வரை இளையவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார். பல பையன்கள் அதோடு விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள்.

இலங்கை அணியே இதைத் தீர்க்க ஆறு வருடங்கள் தடுமாறியது. ரொமேஷ் களுவிதாரண 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான தனது முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் எடுத்தவர். 2000ஆம் ஆண்டு நடுப்பகுதியில், சில வார இடைவெளியில், பிரசன்ன ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் அறிமுகமானார்கள். துடுப்பாட்டம் கைகொடுத்ததால் கையுறை சங்கக்காரவிடம் போனது. பிறகு களுவிதாரண மீண்டும் வந்து 2004 வரை ஆடினார். காப்பாளராக மூவரிலும் நேர்த்தியானவர் என்று நான் நினைக்கும் பிரசன்ன, 2006இல்தான் நிரந்தர இடம் பெற்றார்.

அதே ஆண்டு ஜூலையில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் பிரசன்ன காப்பாளராக நிற்க, சங்கக்கார தென்னாபிரிக்காவுக்கு எதிராக 287 ஓட்டங்கள் குவித்தார். மஹேலவுடன் 624 ஓட்ட இணைப்பாட்டம். காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்களில் சங்கக்காரவின் சராசரி 40.48. கையுறை இல்லாத 86 டெஸ்ட்களில் 66.78. மூத்தவரை வெளியே அனுப்பாமல் அவருடைய வேலையை மாற்றியதில் இருவருமே பிழைத்தார்கள். பிரசன்ன 58 டெஸ்ட்கள் ஆடினார்.

பேஸ்போலில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கெச்சருக்கும் இதே நிலைதான். எந்தப் பந்தை எறிவது என்று எறிபவருக்குச் சைகை காட்டுவதும் அவரே என்பதால் அனுபவம் அங்கே இன்னும் பெறுமதியானது. 2010 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி, மூத்த கெச்சர் பெஞ்சி மொலினாவை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பிவிட்டு, 23 வயது பஸ்டர் போஸியிடம் பொறுப்பைக் கொடுத்தது. அந்த வருட உலகத் தொடர் இறுதியில் மோதியவை அவ்விரு அணிகளே. ஜயண்ட்ஸ் 4–1 என வென்றது. ஆனால் போஸியின் வாரிசாக 2018இல் தெரிவான ஜோயி பார்ட், 2021 முடிவில் போஸி ஓய்வுபெற்ற பின்னரும் நிலைக்கவில்லை. 2023இல் இடம் பட்ரிக் பெய்லியிடம் போனது.

ஊர்க் கழகங்களில் மூத்தவரை அனுப்ப வேறு அணி இருக்காது. அதனால் சங்கக்கார வழிதான் நமக்குப் பொருந்தும். பலமற்ற அணிகளோடான ஆட்டங்களில் இளையவர் கையுறை போடட்டும். மூத்தவர் முதலாம் சிலிப்பில் நின்றால், ஒவ்வொரு ஓவர் இடைவெளியிலும் கால் எங்கே வைப்பது என்று காதில் சொல்லலாம். சுழற்பந்துக்கு விக்கெட்டை ஒட்டி நிற்பதை வலைப்பயிற்சியில் மட்டும் பழக முடியாது. இன்னொரு சோடிக் கையுறையும் வாங்க வேண்டும். இளையவரின் கைக்கு அளவானதாக.